கண்ணும் கையும் அமானிதம்: விமான நிலையச் சோதனையும் மனிதனின் மானமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பயணம் பார்க்காத வீடு குறைவு. அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று எந்த ஊரை எடுத்தாலும் சவூதி, துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று போய் வருபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் திருச்சி விமான நிலையத்தின் வழியாகவே புறப்படுகிறோம். உம்ரா காலம் வந்தால் இஹ்ராம், தவாஃப், ஸஃயு பற்றிய மஸ்அலாக்களைக் கேட்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, பெண்கள் தங்கள் வீட்டு ஆண்கள் மூலமாக இன்னொரு கேள்வியையும் கேட்டு அனுப்புகிறார்கள்: “ஹஜ்ரத், ஏர்போர்ட்டில் உடம்பைத் தடவிச் சோதிக்கிறார்கள். சில ஊர்களில் ஒரு மெஷினுக்குள் கையைத் தூக்கி நிற்கச் சொல்கிறார்களாம். அதில் உடம்பு தெரியுமாமே? எது கூடும்? எது கூடாது?”

இது சின்னக் கேள்வி அல்ல. மானம் சம்பந்தப்பட்ட கேள்வி.

மறைப்பது குற்றத்தையா?

இதைப் பேசினாலே சிலர் சொல்கிறார்கள்: “நம்மிடம் தப்பு ஒன்றும் இல்லையே, காட்டுவதற்கு என்ன வெட்கம்?” கேட்பதற்கு நியாயம் போலத் தெரிகிறது. ஆனால் இந்தப் பேச்சு, மறைப்பு என்றாலே குற்றம் என்று ஆக்கிவிடுகிறது.

நம் தந்தை ஆதம் (அலை) அவர்களும் தாய் ஹவ்வா (அலை) அவர்களும் தங்கள் உடல் வெளிப்பட்டபோது என்ன செய்தார்கள்? சொர்க்கத்து இலைகளால் தங்களை மூடிக்கொள்ள விரைந்தார்கள் என்று அல்அஃராஃப் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் சொல்கிறது. அங்கே வேடிக்கை பார்க்க மனிதர் கூட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் கை தானாகவே இலையைத் தேடியது. அதுதான் ஃபித்ரத், மனிதனின் இயல்பு. அவர்கள் தங்கள் தவறை இலைக்குள் மறைக்கவில்லை. அதை அல்லாஹ்விடம் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். மூடியது உடலை மட்டும்தான்.

அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல், ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். அதை நபியவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் வந்தது என்று விளக்கியதை புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் பார்க்கிறோம். வீட்டுச் சுவருக்கே இந்த மரியாதை என்றால், உடம்பின் மேல் கிடக்கும் உடைக்கு எவ்வளவு மரியாதை இருக்க வேண்டும்!

தலைமுடிக்குள் இருந்த கடிதம்

அப்படியானால் சோதனையே கூடாதா? அதற்கும் நபியவர்களின் காலத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குச் சற்று முன்பு. படை புறப்படும் செய்தியை எழுதி, ஹாத்திப் பின் அபீ பல்தஆ (ரலி) அவர்கள் ஒரு பெண்ணிடம் கொடுத்து மக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். வஹீ மூலம் இது தெரிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அலீ, ஸுபைர், மிக்தாத் (ரலி) ஆகியோரை அனுப்பினார்கள். ரவ்ளத்து காக் என்ற இடத்தில் அந்தப் பெண்ணைப் பிடித்தார்கள்.

அவர்கள் எந்த வரிசையில் நடந்துகொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். முதலில் வாயால் கேட்டார்கள். அவள் இல்லை என்றாள். பிறகு ஒட்டகத்தின் மேல் இருந்த சுமையைத் தேடினார்கள். அதில் இல்லை. அதன் பிறகுதான், கடிதத்தை எடுக்காவிட்டால் உடையையும் சோதிக்க நேரிடும் என்று எச்சரித்தார்கள். அவள் தன் கூந்தல் பின்னலிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். உடம்பில் யாருடைய கையும் படவில்லை.

இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்களின் சீரத்தில் இன்னொரு விவரமும் வருகிறது. கூந்தலை அவிழ்ப்பதற்கு முன் அந்தப் பெண், முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாறு கேட்டாள். அலீ (ரலி) அவர்கள் திருப்பிக்கொண்டார்கள்!

சுப்ஹானல்லாஹ்! ஒரு படையின் உயிரே அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அவள் உளவுக் கடிதம் கொண்டு போகிறவள் என்பது வஹீயினால் உறுதியானது, வெறும் சந்தேகம் அல்ல. அப்படிப்பட்டவள் கேட்டதும் முகம் திரும்புகிறது. சோதனை நடந்தது, அவளுடைய மானமும் காக்கப்பட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

தேவைக்கு ஓர் அளவு உண்டு

ஃபுகஹாக்கள் ஒரு விதியைச் சொல்வார்கள்: நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் எதையும் நியாயப்படுத்திவிடலாம். அதனால் அடுத்த விதியையும் சேர்த்தே சொன்னார்கள்: நிர்ப்பந்தம் எவ்வளவோ, அனுமதியும் அவ்வளவுதான். உஸ்மானிய அரசின் மஜல்லா சட்டத் தொகுப்பில் இவை 21, 22 ஆகிய அடுத்தடுத்த எண்களில் வருகின்றன. நோய்க்காக மருத்துவரிடம் காட்டுகிறோம். நோய் உள்ள இடத்தை மட்டும் காட்டுகிறோம், மற்றதை மூடிக்கொள்கிறோம். பெண்ணுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே போகிறோம். அதே சட்டம்தான் இதற்கும்.

நம் நாட்டுச் சட்டமும் இதை ஒட்டியே பேசுகிறது. நீதிபதி கே.எஸ். புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், உண்மையான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சிப் போகக் கூடாது என்ற அளவுகோல்கள் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டன. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 102ஆம் பிரிவும், ஒரு பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்கிறது.

ஸ்கேனரா, கையா?

2009 டிசம்பர் 25 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஓர் இளைஞன் உள்ளாடைக்குள் வெடிபொருளை மறைத்து வைத்து வெடிக்க முயன்றான். முஸ்லிம் பெயர் தாங்கியவன். அல்லாஹ்வின் அருளால் விமானம் தப்பியது. உலோகத்தைக் காட்டும் வாசலில் அது சிக்காது என்பதால், உடல் ஸ்கேனர்கள் வேகமாகப் பரவின. ஆனால் அன்றைய ஸ்கேனர்கள் உடையைத் தாண்டி உடலின் வடிவத்தையே திரையில் காட்டின.

2010 பிப்ரவரியில் வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில், இது இஸ்லாம் சொல்லும் வெட்க உணர்வுக்கு மாறானது, முஸ்லிம்கள் அதற்குப் பதிலாகக் கையால் செய்யும் சோதனையைக் கேட்டுப் பெறலாம் என்று அறிவித்தது. உடல் தெரியாமல் வெறும் கோட்டுருவம் மட்டும் தெரியும்படி மென்பொருளை மாற்றவும் கோரியது. அதே மாதம் போப் 16ஆம் பெனடிக்டும், பாதுகாப்பு ஏற்பாடுகளில் மனிதனின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்று விமானத் துறையினரிடம் வலியுறுத்தினார். ஹயா முஸ்லிம்களுக்கு மட்டும் சொந்தமான சரக்கு அல்ல என்பதற்கு இது சாட்சி.

பலரும் கேட்டதற்குப் பலன் கிடைத்தது. உடல் வடிவத்தைக் காட்டிய எக்ஸ்ரே ஸ்கேனர்களை அமெரிக்கா 2013இல் விமான நிலையங்களிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது பரவலாக உள்ளவை மில்லிமீட்டர் அலையில் இயங்குபவை. திரையில் எல்லோருக்கும் ஒரே பொம்மை உருவம்தான் வரும். சந்தேகமான இடத்தில் மட்டும் ஓர் அடையாளம் விழும். நம் நாட்டிலும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2019இல் 84 விமான நிலையங்களுக்கு ஸ்கேனர் பொருத்த உத்தரவிட்டபோது, இந்தப் பொம்மை உருவ முறையைத்தான் விதித்தது. ஸ்கேனர் வேண்டாம் என்பவருக்குக் கைச் சோதனை என்றும் சொன்னது. காலக்கெடு பின்னர் தள்ளிப்போனது.

ஆகவே மஸ்அலா இதுதான். இரண்டு சங்கடங்கள் எதிரே நின்றால் இலேசானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடலைக் காட்டும் ஸ்கேனர் இருந்த காலத்தில், பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் உடைக்கு மேலாகச் சோதிப்பதே இலேசானது. பொம்மை உருவம் மட்டும் காட்டும் ஸ்கேனரில் பிறர் கண்ணும் படுவதில்லை, பெரும்பாலும் கையும் படுவதில்லை. அங்கே ஸ்கேனரே இலேசானது. காரணம் மாறினால் சட்டமும் மாறும். அப்படியும் மனம் ஒப்பாமல் ஒரு சகோதரி, திரைக்குப் பின்னால் பெண் அதிகாரியிடமே சோதனை செய்துகொள்கிறேன் என்றால், அது அவருடைய விருப்பம். அதற்காக அவரைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆண்களே, உங்களுக்கும் இது பொருந்தும். இஹ்ராம் உடையில் தைக்காத இரண்டு துணிகளோடு அந்த வரிசையில் நின்றவருக்குத் தெரியும், ஹயா பெண்களுக்கு மட்டும் உரியதல்ல என்று.

மூத்தவரின் பொறுமையும் எளியவரின் உரிமையும்

நமக்குப் பக்கத்து ராமேசுவரத்தில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை 2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்கு இந்திய விதியில் விலக்கு இருந்தது. அவர் அதைச் சொல்லி வாதாடவில்லை. நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் அவர் விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகும் வந்து, மேல்கோட்டையும் காலணியையும் வாங்கிச் சோதித்தார்கள். அதற்கு அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. கலாம் அவர்களின் மதிப்பு இம்மியும் குறையவில்லை. முறை தவறிய சோதனையால் குறைந்தது சோதித்தவர்களின் மதிப்புதான்.

ஆனால் இதை வைத்து, எல்லோரும் பேசாமல் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. அவருக்காகப் பேச ஒரு தேசமே இருந்தது. வீட்டு வேலைக்காகத் தனியே குவைத் போகும் நம் ஊர் ஏழைப் பெண்ணுக்காக யார் பேசுவார்கள்? அவர் தன் உரிமையைத் தானே அறிந்திருக்க வேண்டும். “பெண் அதிகாரியை வரச் சொல்லுங்கள், மறைவான இடத்தில் சோதியுங்கள்” என்று பணிவாக, தயங்காமல் கேட்க வேண்டும். இதை அனுப்பிவைக்கும் ஆண்கள் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. வரிசையில் நிற்கும் எல்லோரையும் ஒரே மாதிரி சோதித்தால் அதில் இழிவு இல்லை. பெயரையும் தாடியையும் பார்த்து ஒருவரை மட்டும் ஒதுக்கி நிறுத்தினால் அது வெறும் ஊகம். ஊகங்களில் பெரும்பாலானவற்றையும், பிறர் குறையைத் துருவுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. அதே வசனம் நமக்கும்தான்: மருமகளின் பையையும் பிள்ளைகளின் செல்போனையும் காரணமில்லாமல் துருவுகிற நாம், அதிகாரியை மட்டும் குறை சொல்ல முடியாது.

குருவிகளுக்கு ஒரு வார்த்தை

உரிமையைப் பேசும்போது கடமையையும் பேசியாக வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தங்கத்தைப் பசையாக்கி உடலுக்குள்ளேயே மறைத்துக் கடத்துகிறார்கள். “குருவி” என்று செல்லமாக ஒரு பெயர் வேறு! ஸ்கேனரின் அலை தோலைத் தாண்டி உள்ளே போகாது. அதனால் விசாரணை, எக்ஸ்ரே என்று சோதனை இன்னும் கடுமையாகிறது. ஒருவன் செய்யும் இந்த வேலையால், அவனுக்குப் பின்னால் வரும் நூறு பேர் மேல் சந்தேகம் விழுகிறது. உம்ரா முடித்து வரும் ஒரு மூதாட்டியைக்கூட ஏற இறங்கப் பார்க்கிறார்கள். சட்டத்தை ஏமாற்றியது ஒரு பாவம். அடுத்தவர் மானத்துக்குச் சோதனை வரக் காரணமானது இன்னொரு பாவம். தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள். தெரிந்தவர் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சோதிக்கும் வேலையில் நம் பிள்ளைகளும் இருக்கலாம், நாளை சேரலாம். விமான நிலையமோ, மருத்துவமனையோ, எக்ஸ்ரே அறையோ, அங்கே உங்கள் கண்ணும் கையும் அமானிதம். தேவையானதைப் பாருங்கள். தேவை முடிந்த இடத்தில், அலீ (ரலி) அவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பார்த்ததை வெளியே பேசாதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்குவானாக! நம் பெண்களின், ஆண்களின் மானத்தைக் காப்பானாக! பிறர் மானத்தைக் காக்கும் கண்ணையும் கையையும் நமக்குத் தருவானாக! ஒருவரும் உதவ முடியாத மறுமை நாளில் நம் குறைகளை மறைத்து அருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.