முறுக்கு மரமும் நேர்வாளும்

மரத்தின் கோணல் இருவகைப்படும். ஒன்று, வெளியே தெரியும் வளைவு. மற்றொன்று, அடிமரம் தூண்போல் நிமிர்ந்து நிற்க, உள்ளே நார்கள் மட்டும் கயிற்றின் புரிபோல் சுற்றிச் சுற்றி மேலேறும் முறுக்கு. முன்னதை எவரும் காண்பர். பின்னதோ, பலகையாக அறுத்துப் போட்ட பிறகே தன் குணத்தைக் காட்டும்.

வாள் நேர்க்கோட்டில் செல்கிறது. நார் சாய்ந்து செல்கிறது. ஆகவே நார் பலகையின் நீளம் முழுவதும் ஓடாமல், இடையிலேயே வெட்டுண்டு ஓரத்தில் முடிந்துவிடுகிறது. அறுத்த அன்று பலகை நேராகவே இருக்கும். ஈரம் உலர உலரத்தான் தொல்லை தொடங்கும். மரம் நாரின் குறுக்கே நன்கு சுருங்கும். நாரின் நெடுக்கில் சுருங்குவது மிகமிகச் சொற்பம். நார் சாய்ந்திருப்பின் சுருக்கமும் சாய்வாகவே இழுக்கும். நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் நில்லாமல் பலகை முறுக்கிக்கொள்ளும். வலுவும் குறையும். 10 அங்குல நீளத்தில் 1 அங்குலம் நார் விலகினால், பாரத்தில் முறியாது தாங்கும் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. 5 அங்குலத்தில் 1 அங்குலம் விலகினாலோ, பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சுகிறது.

குற்றவாளி யார்? மரம்தான் என்போம், தயங்காமல்! ஆனால் அந்த முறுக்கு மரத்திற்கு எதற்குப் பயன்பட்டது என்று கேட்டோமா? நேர்நார் மரத்தில், ஒரு வேர் உறிஞ்சும் நீர் பெரும்பாலும் அதற்கு நேர்மேலே உள்ள கிளைகளுக்கே போகும். முறுக்கு மரத்திலோ அது சுற்றிச் சென்று பல பக்கத்துக் கிளைகளையும் எட்டும். ஒரு பக்கத்து வேர் பட்டுப்போனாலும் அந்தப் பக்கத்துக் கிளை பட்டினி கிடப்பதில்லை. மர அறிவியலார் தரும் விளக்கம் இது. மரத்திற்கு வாழ்வு; வாளுக்கு அது குற்றம்! வாள் நேராக இருப்பதாலேயே, வாள் சொல்வதெல்லாம் நேர்மை ஆகிவிடுமா?

செர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட், 1784-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மனித இனத்தையே கோணல் மரத்திற்கு ஒப்பிட்டார். அதிலிருந்து முற்றும் நேரான பொருளைச் செய்தல் அரிது என்றார். அவர் எல்லா மனிதரையும் சேர்த்தே சொன்னார். ஆளவந்தவனும் அதே மரந்தான் என்பது அவர் கருத்து. நம் நாட்டு வருணவாதியோ, தான் மட்டும் நேர்மரம், ஏனையோர் பிறவிக் கோணல் என்றான். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழியைக்கூடப் பிறப்பின் பக்கம் சாட்சிக்கு இழுத்தான்!

“மரத்தின் முறுக்கு வழிவழி வருவது என்று உங்கள் அறிவியலே கூறவில்லையா?” என்று மடக்குவோர் உண்டு. மறுக்கவில்லை. இமயத்துக் குமாவுன் மலைகளின் சிர் பைன் மரங்களை 1920-களில் ஆராய்ந்த வன அறிஞர் சாம்பியனும் அவ்வாறே கருதினார். ஆயினும் நாம் ஒன்று கேட்கிறோம். நேரான மரங்களையே தேடித்தேடி வெட்டி, முறுக்கு மரங்களை மட்டும் உதவாதவை என விட்டுவைத்தால், அடுத்த காட்டிற்கு விதை எவற்றிலிருந்து விழும்? அப்போது கோணல் காட்டினுடையதா, கோடரியினுடையதா?

அதுவும் கிடக்கட்டும். விவரமறிந்த மரம் அறுப்பவர் என்ன செய்கிறார்? எந்தக் காட்டு மரம் என்று கேட்டதோடு நிற்பதில்லை. பட்டை உரித்த மரம் காயும்போது விழும் வெடிப்பைப் பார்க்கிறார். வெடிப்பு நாரின் வழியே ஓடுமாதலால், முறுக்கு எவ்வளவு என்பதை அதுவே காட்டிவிடும். எல்லா மரமும் ஒன்றே என்று கண்ணை மூடிக்கொண்டு நீண்ட கதவுச் சட்டம் அறுப்பதும் இல்லை, அதுவும் அறியாமையே. குறுகிய துண்டுகளாக்குகிறார், நீளம் குறைந்தால் முறுக்கலும் குறையுமாதலால். மரத்தின் நடுவை ஒட்டிய பலகையைத் தவிர்க்கிறார். அடுக்கின்மேல் பாரம் ஏற்றி உலர்த்துகிறார். இவ்வாறு, முறுக்குக்குப் பேர்போன சிர் பைன் இனமே, மருந்தூட்டப்பட்டு இரயில் பாதையின் குறுக்குக் கட்டைகளாகிப் பாரம் தாங்கிற்று. நார் மாறி மாறி இடமும் வலமும் சாய்ந்து வளரும் முதிரையை, நடுவிலிருந்து ஆரப்போக்கில் அறுத்தால், பட்டுத்துணியின் வரிகள்போல் மின்னும். அந்த மினுமினுப்புக்கே விலை!

மரத்தின் முறுக்குக்காவது வெடிப்பு என்ற சாட்சி உண்டு. சாதிக்கு எந்த நாரில் சாட்சி? எந்த எலும்பில், எந்தக் குருதியில்?

1953-இல் சென்னை மாநிலத்தில் ஆச்சாரியார் அரசு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் படித்து, மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழகவேண்டும் என்று ஒரு திட்டம் கொணர்ந்தது. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. மரத்தைக் காணாமலே, காட்டின் பெயரைக் கேட்டு வாள் வைத்த திட்டம் அது! 1954-இல் கைவிடப்பட்டது. திட்டம் போயிற்று, சொல் போகவில்லை, தோழர்களே. கணக்கில் தடுமாறும் சிறுவனை நோக்கி, “உன் அப்பன் தொழிலுக்கே போ” என்னும் குரலை வகுப்பறைகளில் நாம் இன்றும் கேட்கிறோம். அவ்வாறு சொன்னவர்களில், அவன் எந்த வரியில் தடுமாறினான் என்று அவனது ஏட்டை வாங்கிப் பார்த்தவர் எத்தனை பேர்?