மிச்சம் பிடித்த காசு யாருடையது?

நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வி. பத்து ரிங்கிட் பொருளை எட்டு ரிங்கிட்டுக்கு வாங்குவது நல்ல காரியமா, கெட்ட காரியமா, அல்லது இரண்டுமே இல்லையா?

“இதெல்லாம் ஒரு கேள்வியா? கம்மியா கெடச்சா வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே!” என்று சொல்லத் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுத்தால் மூன்று விதமான குரல்கள் கேட்கும். “அந்த மலிவுக் கடைக்குப் போனா நாலு பேரு என்ன நினைப்பாங்க?” என்பார் ஒருவர். “அஞ்சு காசு மிச்சம் புடிச்சாலும் சாமர்த்தியம்தான்” என்பார் இன்னொருவர். “நம்ம ஆளு கடைய விட்டுட்டு அங்க ஏன் போறீங்க?” என்பார் மூன்றாமவர். மூவர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எவ்வளவு நியாயம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மானம். மலிவு விலைக் கடையில் விலை எப்படிக் குறைகிறது? அலங்காரம் கிடையாது. ஒரு பொருளில் பத்து வகை வைக்காமல், நன்றாக ஓடுகிற இரண்டு மூன்று வகைகளை மட்டும் வைப்பார்கள். சாமான்களைப் பெட்டியோடு அடுக்கிவிடுவார்கள். எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து மொத்தமாகக் கொள்முதல் செய்வார்கள். அந்த மிச்சத்தில் ஒரு பங்குதான் நமக்கு விலைக் குறைவாக வருகிறது. இன்று நம் தாமான்களில் எங்கு பார்த்தாலும் கண்ணில் படும் 99 ஸ்பீட்மார்ட், 1987இல் கிள்ளானில் ஒரு சிறிய மளிகைக் கடையாகத் தொடங்கி, 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்து வளர்ந்த இடத்தில், சிறுகச் சிறுகச் சேர்க்க நினைக்கிறவர் போய் வாங்குவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் பார்த்தால் 8 ரிங்கிட் 72 சென். மாதச் சாமானில் 35 ரிங்கிட் மிச்சமானால், அந்தச் சம்பளம் வாங்குகிறவருக்கு அது நான்கு மணி நேர உழைப்பு. தொழிற்சாலையில் கால் கடுக்க நின்ற நான்கு மணி நேரம். ஆகவே விலையைப் பார்த்து வாங்குகிறவரைக் “கஞ்சன்” என்று கேலி செய்யாதீர்கள். அவர் காசை எண்ணவில்லை. யாரோ ஒருவர் சிந்திய வியர்வையை எண்ணுகிறார்.

அடுத்தது சாமர்த்தியம். இங்குதான் கொஞ்சம் கவனம் வேண்டும். மலிவு வேறு, சிக்கனம் வேறு. “மூனு வாங்குனா ஒன்னு சும்மா” என்று எழுதியிருந்தால் நம் கை தானாகப் போகிறது. அரிசியில் ஆறு ரிங்கிட் மிச்சம் பிடித்து, அந்த ஆறையும் முறுக்கிலும் இனிப்பு நீரிலும் விட்டுவிட்டு, “இன்னிக்கு நல்ல லாபம்” என்று வீட்டுக்கு வருகிறோம். தேவையில்லாததைப் பாதி விலையில் வாங்கினாலும் அந்தப் பாதி நட்டம்தான். போய்வர 25 கிலோமீட்டர் காரோட்டினால், சிறிய காருக்கே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோல். சலுகை விலை 1.99 ரிங்கிட் என்று வைத்தாலும் மூன்று ரிங்கிட் போய்விடும். இரண்டு ரிங்கிட் மிச்சத்துக்கு அவ்வளவு தூரம் போவது சிக்கனமில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பெட்ரோலையும் அளந்துதான் போட வேண்டும்.

இதுவாவது நம் பையோடு போகிற விஷயம். இன்னொன்று அடுத்தவர் அடுப்பைத் தொடுகிறது. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென். உண்மை விலை அதைவிட அதிகம். மீதியை அரசாங்கம் கட்டுகிறது. வசதி குறைந்த குடும்பங்களும் எண்ணெய் வாங்க முடியட்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆளுக்கு இத்தனைதான் என்று கடையில் எழுதிப் போட்டிருந்தால், வீட்டில் உள்ள நால்வரையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். “சட்டப்படி தப்பில்லையே!” என்பார்கள். சரி, தப்பில்லை. ஆனால் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் பேருந்தில் வந்து இறங்குகிற ஓர் அம்மாவுக்கு அந்த அடுக்கு காலியாக இருக்கும். பெரிய போத்தல் வாங்க அவர் கையில் காசு இருக்காது. நம் வீட்டு அலமாரியில் தூங்குகிற எண்ணெய் அவருடைய அடுப்புக்கு வந்திருக்க வேண்டியது. அதைச் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, நம் ஆள் கடை. தோட்டத்திலும் பழைய தாமான்களிலும் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகம் தெரியும். கையடக்கமான சின்ன நோட்டு. அதில் பால் மாவு, சீனி, கோப்பித்தூள் என்று எழுதி வைத்து, சம்பளம் வந்ததும் கொடுப்பார்கள். அப்பாவுக்கு வேலை போன மாதத்தில் பல வீடுகளில் சோறு வெந்தது அந்த நோட்டை நம்பித்தான். பேரங்காடியில் காசாளரிடம் போய், “அடுத்த மாசம் தரேன் தங்கச்சி” என்று சொல்ல முடியுமா?

அதற்காகக் காலம் முழுக்க அதிக விலை கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் ஆள் என்பதற்காக ஏழைக் குடும்பம் மாதம் 35 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது நியாயமில்லை. கடைக்காரரும் நம் இனப்பற்றை நம்பி விலையை ஏற்றக் கூடாது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம் தவறு: கடனை இங்கே வைத்துவிட்டு, ரொக்கத்தை அங்கே கொண்டு போவது. சம்பளம் வந்ததும் பேரங்காடிக்குப் போய், மாதக் கடைசியில் காசு தீர்ந்ததும், “அண்ணே, எழுதிக்குங்க” என்று அடுத்த தெருவுக்கு வருவது. அங்கே மிச்சமானது நம் காசே இல்லை. அது அந்த அண்ணனுடைய காசு. முதலில் நோட்டில் உள்ள கணக்கைத் தீருங்கள். பிறகு எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னும் ஒரு விஷயம், இது இளைஞர்களுக்கு மட்டும். வீட்டில் சிக்கனம் யார் தலையில் விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அம்மா தலையில்தான். மூன்று கடை ஏறி இறங்கி விலை பார்ப்பவர் அவர். அரிசி மூட்டையைத் தூக்குபவரும் அவர். தனக்கென்று வாங்கும்போது மட்டும், “எனக்கு இது போதும்” என்று இருப்பதில் மலிவானதை எடுப்பார். அவர் அப்படிச் சேர்த்த காசில் நமக்குப் புதுக் கைப்பேசி வருகிறது. ஒருவர் ஒடுங்கி இன்னொருவர் விரிந்தால் அது குடும்பச் சிக்கனம் ஆகாது. சிக்கனம் என்றால் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தம்பி, அடுத்த முறை பட்டியலை நீ எழுது. மூட்டையை நீ தூக்கு. தங்கச்சி, ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று கணக்குப் பார்த்து அம்மாவுக்குச் சொல்.

அறம், பொருள், இன்பம், வீடு என்று நம் முன்னோர் வரிசைப்படுத்தினார்கள். பொருளை அவர்கள் வெறுக்கவில்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில்தான் இருக்கின்றன. ஆனால் வரிசையில் அறம் முன்னால் நிற்கிறது. பொருளைச் சேர்க்கிற வழியையும், சேர்த்த பிறகு அது போகிற வழியையும் அறம் கேள்வி கேட்கும்.

அப்படிக் கேட்டால், மாதம் 35 ரிங்கிட் ஆண்டுக்கு 420 ரிங்கிட். எங்கே போயிற்று என்று தெரியாமல் கரைந்துவிட்டால், அத்தனை அலைச்சலும் வீண். அதற்கு ஒரு பெயர் வையுங்கள். தங்கையின் படிப்புக்கு என்றால் எஸ்.எஸ்.பி.என். சேமிப்பில் போடுங்கள். திடீர் மருத்துவச் செலவுக்கு என்றால் தனியாக எடுத்து வையுங்கள். அதில் ஒரு சின்னப் பங்கு, பக்கத்து வீட்டில் வேலையிழந்தவருக்கு ஒரு மூட்டை அரிசியாகப் போகட்டும். கோயில் வாசலில் பூ விற்கும் பாட்டியிடம் ஐம்பது காசுக்கு மல்லுக்கு நிற்காதீர்கள். பேரங்காடியில் யாரும் அப்படி நிற்பதில்லையே!

ஆகவே மலிவாக வாங்குவது பாவமில்லை, தனியாக அதுவே புண்ணியமும் இல்லை. யாருடைய பங்கையும் எடுக்காமல், யாருடைய கடனையும் மறக்காமல், வீட்டில் ஒருவரை மட்டும் வாட்டாமல் மிச்சம் பிடித்த காசு நம்முடையது. அதை நாலு பேர் முன்னால் தைரியமாக எண்ணலாம்.