லேபர் சார்ஜ்

கார் வைத்திருக்கும் பெண்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அறிவுரை வருகிறது. "உனக்கெதுக்கு அதெல்லாம், மெக்கானிக்கிட்ட விட்டுடு" என்பது ஒன்று. அப்பா, அண்ணன், கணவர் எல்லோரும் சொல்வது. "வண்டியையும் நீயே சரிசெய்யக் கற்றுக்கொள், எவரையும் நம்பியிருக்காதே" என்பது மற்றொன்று. இதைச் சொல்வது நாம்தான், பெண்ணியம் பேசுகிறவர்கள். முதலாவதை மறுப்பது எளிது. இரண்டாவதன் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

"நீயே செய்" என்பது பெண்களுக்குப் புதிய சொல்லே அல்ல. சமைப்பது, துவைப்பது, காய்ச்சல்காரர் பக்கத்தில் விழித்திருப்பது எல்லாம் நீயேதான். ஆண் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரைநாள் செலவழித்தால் அது பொழுதுபோக்கு. அந்த அரைநாள் அவருக்குக் கிடைக்க உள்ளே யாரோ குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்புகளை முடித்து, விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற பெண், இனி ஆயிலும் தானே மாற்றினால்தான் விடுதலை பெற்றவள் என்றால், அதற்குரிய நேரம் எங்கிருந்து வரும்? அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1989-இல் வெளியிட்ட நூலுக்கு 'இரண்டாவது ஷிஃப்ட்' என்று பெயர். வேலைக்குப் போய் வந்த பெண் வீட்டில் தொடங்கும் வேலையைப் பற்றியது. நாம் மூன்றாவது ஷிஃப்ட் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இந்த இடத்தில் பெர்த்தா பென்ஸை அழைத்து வருவார்கள். அவர் கதை எனக்கும் பிடிக்கும். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு அந்த மூன்று சக்கர வண்டியில் கிளம்பினார். சுமார் நூறு கிலோமீட்டர். அவ்வளவு தூரம் அதுவரை எவரும் காரில் போனதில்லை. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். மின்கம்பி உரசித் தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். மேடைகளில் இந்த இரண்டையும் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும். வழியில் சங்கிலியைச் சரிசெய்தவர் ஒரு கொல்லர். பிரேக் கட்டை தேய்ந்துபோனபோது அதில் தோலை அடித்துக் கொடுத்தவர் ஒரு செருப்புத் தைப்பவர். எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக் கடையில். பிரேக்குக்குத் தோல் வேண்டும் என்று கண்டுபிடித்தது பெர்த்தா. அதை அடித்தது அந்தத் தொழிலாளி. எதைத் தன் ஊசியால் செய்யலாம், எதற்கு வேறொருவர் கை வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. (கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கார்லின் பட்டறையில் போட்டவரும் அவர்தான். காப்புரிமை கார்ல் பெயரில் இருக்கிறது.)

மெக்கானிக்குக் கூலி கொடுப்பதைச் சார்ந்திருத்தல் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? பில்லை எடுத்துப் பாருங்கள். ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு என்று பாகங்களின் விலையை யாரும் கேள்வி கேட்பதில்லை. கடைசி வரியில் 'லேபர் சார்ஜ்' என்று வரும்போதுதான் "என்னப்பா இவ்வளவு போட்டிருக்க? அரை மணி நேர வேலைதானே?" என்கிறோம். அரிசிக்கும் பருப்பிற்கும் விலை உண்டு, பொங்கிய கைக்கு விலை இல்லை என்கிற அதே கணக்கு. அந்தக் கணக்கால் காலங்காலமாக ஏமாற்றப்பட்ட நாம், மரத்தடி ஷெட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் கிடக்கும் ஒருவரிடம் அதையே போடுகிறோம். ஏசி போட்ட சர்வீஸ் சென்டரில் பேரம் பேசாமல் கார்டைத் தேய்க்கிறோம். கையில் கிரீஸ் ஒட்டும் வேலையை மட்டமாகப் பார்க்கும் சாதிப் புத்தி இதில் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுப்பதும் தீர்வல்ல. என் பெயரில் பதிவான, என் சம்பளத்தில் தவணை கட்டிய காரை விட்டபோது, ஒரு சர்வீஸ் சென்டரில், "சார் நம்பர் குடுங்க மேடம், எஸ்டிமேட் அனுப்பி ஓகே வாங்கிக்கிறோம்" என்றார்கள். அங்கே எனக்கு வேண்டியிருந்தது ஸ்பேனர் பிடிக்கும் திறமை அல்ல. அந்த எஸ்டிமேட்டை வாசிக்கும் அறிவு. ரிப்பேர் என்பதைத் தமிழில் 'பழுதுபார்த்தல்' என்கிறோம். 'நீக்குதல்' என்றோ 'மாற்றுதல்' என்றோ இல்லை, பார்த்தல். பெர்த்தா செய்ததும் அதுதான். செய்வதைக் கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். பார்ப்பதையும் சேர்த்து ஒப்படைத்தால், நம் சம்மதம் வெறும் கையெழுத்தாகிவிடும். கழற்றிய பிரேக் பேடைக் கொண்டு வந்து காட்டச் சொல்லிக் கேட்கிறேன். தேய்மானப் பகுதி மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். நிறைய மிச்சமிருந்தால் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்கலாம். இந்த அறிவுக்குப் பத்து நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

சிலவற்றை நானே செய்கிறேன். பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவுவேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். ஸ்டெப்னி மாற்றவும் தெரியும். ஜாக்கி போட்டுத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும் என்பதுதான் அதில் முழு ரகசியமும். இது காசை மிச்சப்படுத்த அல்ல, இரவில் நெடுஞ்சாலையில் நின்று யார் வருவார் என்று பார்த்திருக்காமல் இருக்க. வேல்ஸ் நாட்டில் லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உருவான உபரிச் சக்கரத்தின் பெயர் அது. அந்தச் சொல்லை 'இன்னொரு பெண்' என்கிற கேலிக்கு எடுத்துக்கொண்டவர்கள் நம் ஊர் ஆண்கள். தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளும் பொருள் என்றால் பெண்தான் நினைவுக்கு வருகிறாள் போலும்.

பிரேக்கைத் தொட மாட்டேன். நான் மாட்டிய பேடை நம்பிச் சாலையைக் கடக்கப் போகிறவர் நானல்ல. பள்ளிவிட்டு வரும் ஏதோ ஒரு பிள்ளை. தன்னம்பிக்கையை அந்தப் பிள்ளையின் மேல் சோதித்துப் பார்க்க எனக்கு உரிமை கிடையாது.

என் வண்டியைப் பார்க்கும் ஷெட்டில் இப்போது பேரம் பேசுவதில்லை. பில்லை ஒவ்வொரு வரியாகக் கேட்பேன், அவரும் சலிக்காமல் சொல்வார். ஒருநாள் அவர் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்து, "இந்தக் கறை எப்படிண்ணே போகும்?" என்றேன். "மண்ணெண்ணெய்ல ஊற வச்சு, அப்புறம் சோப்பு போட்டுத் தேய்க்கணும் மேடம். ரெண்டு தடவையாவது தேய்க்கணும்" என்றார். யார் தேய்ப்பது என்று கேட்டேன். "வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணத் தொடங்கினார்.