எனக்கு ரோடே நீங்கதான்

ஒரு கல்லூரிப் பையனின் காலர் போன் உடைந்ததற்கு நான்தான் காரணம். இதை அவனிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

ஈசிஆரில் ஒரு மார்கழி ஞாயிறு, அமெச்சூர் சைக்கிள் ரேஸ். மாமல்லபுரம் தாண்டி பதினைந்து பேர் கூட்டமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். மணிக்கு 38 கிலோமீட்டர். இந்த வேகத்தில் நம் சக்தியில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்னும். வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ளத் தேவையான திறன் எட்டு மடங்காகும். அதனால்தான் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகிறோம். முன்னால் போகிறவர் காற்றை உடைக்க, பின்னால் வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்புகூட மிச்சமாகும்.

அன்று காற்று இடப்பக்கம், கடலிலிருந்து வந்தது. நிழல் நேர் பின்னால் இல்லை, சற்று வலப்பக்கம் இருந்தது. அதைத் தேடி நானும் வலப்பக்கம் நகர்ந்தேன். என் முன்சக்கரம் முன்னால் போனவரின் பின்சக்கரத்தை ஒரு சாண் தாண்டி நின்றது. புதிதாக ரேஸுக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே, செய்யாதே என்று சொல்லித்தரும் தவறு இது. எனக்கும் சொன்னார்கள். நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சாலையில் மணல். முன்னால் போனவர் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கினார். சக்கரங்கள் உரசின. இப்படி உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான். முன்னால் போனவர் லேசாக ஆடிவிட்டுப் போய்விட்டார், நான் விழுந்தேன். என் மேல் அந்தத் தம்பி விழுந்தான்.

எனக்குச் சிராய்ப்பு. அவனுக்கு ஆபரேஷன்.

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு சர்வர் விழுந்தால், ‘யார் தப்பு?’ என்று கேட்க மாட்டோம், ‘எப்படி நடந்தது?’ என்றுதான் கேட்போம். நல்ல பழக்கம்தான். பழி வராது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் உண்மையைச் சொல்வார்கள். அன்றிரவு அவனுக்கு அப்படியொரு நீண்ட மெசேஜ் அனுப்பினேன். பக்கக் காற்று, மணல், முன்னால் போனவர் கை காட்டாதது, கூட்டத்தின் நெருக்கம். ஒன்றுகூடப் பொய் இல்லை. ‘நான்’ என்ற சொல் மட்டும் இல்லை.

“ஓகேண்ணா” என்று பதில் வந்தது.

உண்மையைச் சொல்லவைக்க வந்த முறையை, உண்மையை ஒளித்துவைக்கப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. காரணங்களை வரிசையாக அடுக்கினால் நம் பங்கு எங்கோ நடுவில் கரைந்துவிடுகிறது. அவனுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை.

சைக்கிள் கூட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு: உன் முன்சக்கரத்துக்கு நீயே பொறுப்பு. முதலில் அநியாயமாகப் பட்டது. ஒதுங்கியது அவர், பழி எனக்கா? யோசித்தால் நியாயம்தான். அவருக்குப் பின்னால் கண் இல்லை, எனக்கு முன்னால் கண் இருந்தது. யாரால் பார்க்க முடிகிறதோ, பொறுப்பு அவருடையது. அதே கணக்கில், பள்ளத்தையும் மணலையும் கை காட்டுவது முன்னால் போகிறவரின் கடன். அவர் தவறியிருக்கலாம். ஆனால் அவருடைய தவறு என்னுடையதைக் கழித்துவிடாது. பொறுப்பு என்பது நூறு சதவீதத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளும் விஷயம் இல்லை.

மே மாதம் கோவளத்தில் ஒரு டீக்கடையில் அவனைப் பார்த்தேன். “தம்பி, அன்னைக்கு என் தப்புதான். வீல் ஓவர்லாப் பண்ணியிருந்தேன்” என்றேன்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். “தெரியும்ணா. உங்க பின்னாடிதானே வந்தேன். எனக்கு முன்னாடி வேற எதுவும் தெரியல. எனக்கு ரோடே நீங்கதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போதும் பக்கக் காற்று அடிக்கும்போது கால் நிழலைத் தேடுகிறது. அரைச் சக்கர இடைவெளி விட்டு ஓட்டுகிறேன். மணலைக் கண்டால் கை காட்டுகிறேன், பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று தெரியாதபோதும். கொஞ்சம் ஸ்பீடு குறைகிறது.