களிம்புக்கு ஒரு கெடு

மருத்துவப் புத்தகங்களில் மார்பு சிவக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சிவப்பதில்லை, கன்றிப்போகும். தங்கையின் இடது மார்பில், கீழ்ப்பாதியில், மாநிறத்துக்கு மேல் ஊதா கலந்த கறுப்பு ஏறியிருந்தது. தொட்டால் சூடு. தோல் சற்றுத் தடித்திருந்தது. பிரா இறுக்கியதால் என்று அவள் நினைத்தாள். வெயில் என்றாள் அம்மா. எல்லாமே நம்பும்படியாகத்தான் இருந்தன.

எச்சரிக்கைப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். கறுத்த தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ பழுப்பாகவோ வரும். சில சமயம் நிறமே மாறாமல் வெறும் வீக்கமும் மினுமினுப்புமாக நின்றுவிடும். சிவப்பைத் தேடும் கண்ணுக்கு அது அகப்படாது. "படத்தைப் பார்க்காதீங்கம்மா. கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு பக்கத்தையும் பாருங்க. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியுதான்னு பாருங்க" என்று பிற்பாடு ஒரு டாக்டரம்மா சொன்னார். கையைத் தூக்கி ஒருமுறை, இடுப்பில் ஊன்றி ஒருமுறை, முன்னால் குனிந்து ஒருமுறை. சில குழிகள் குனியும்போதுதான் தெரியுமாம்.

*

விடியற்காலையில் தியானத்துக்கு உட்கார்ந்து கண்ணை மூடினால், மூச்சுக்கு முன்னால் அந்தக் கறுப்பு வந்து நிற்கிறது. விரட்டவில்லை. நிற்கட்டும்.

*

மார்புத் தோல் மாறுவதற்குக் காரணங்கள் ஏராளம். மடிப்பில் வேர்வை தங்கி வரும் பூஞ்சைத் தொற்று, எக்ஸிமா, பால் கட்டிக்கொண்டு வரும் சீழ், மேலோட்டமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து தோலுக்கடியில் கயிறாக ஓடும் மோண்டர் நோய். இவற்றில் எதுவும் புற்று அல்ல. அழற்சி வகை மார்பகப் புற்றோ மொத்த மார்பகப் புற்றுகளில் நூற்றுக்கு 1 முதல் 5 வரைதான். ஒரு குடும்ப டாக்டர் அதைக் கண்ணால் காணாமலே ஓய்வு பெற்றுவிடலாம்.

ஆகவே முதல் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதியதில் எனக்குக் குறையில்லை. தோல் டாக்டர் களிம்பு கொடுத்ததிலும் இல்லை. இரண்டு சீட்டிலும் ஒன்று விட்டுப்போயிருந்தது: எப்போது குறைய வேண்டும், குறையாவிட்டால் அடுத்து என்ன. "போடுங்க, சரியாயிடும்" என்றார்கள். மாத்திரை சாப்பிட்டபோது கொஞ்சம் வடிந்தது, நிறுத்தியதும் திரும்பியது. வடிந்ததையே பிடித்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினோம்.

*

"கட்டி இருக்கா?" எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான். இல்லை என்றதும் அத்தனை முகத்திலும் ஒரு தெளிவு. பெரியம்மா போனிலேயே சாமிக்கு நேர்ந்துகொண்டு வைத்துவிட்டார்.

அழற்சி வகையில் பல சமயம் கட்டியே இருக்காது. புற்றணுக்கள் தோலில் ஓடும் நிணநீர்க் குழாய்களை அடைத்துவிடுகின்றன. வடிய வேண்டிய நீர் தேங்கித் தோல் உப்புகிறது. மயிர்க்கால்கள் ஊன்றிய இடம் மட்டும் எழும்ப முடியாமல் உள்ளே நிற்கும். அதனால்தான் ஆரஞ்சுப் பழத்தோல் தோற்றம். மேமோகிராமிலும் கட்டி தெரியாமல் போகலாம். தோல் தடித்திருப்பது மட்டும் தெரியலாம். இது வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் வளர்கிறது. கண்டுபிடிக்கும்போதே குறைந்தது மூன்றாம் நிலை என்றுதான் கணக்கு. முதலில் கீமோ, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு; உடனே வெட்டி எடுப்பதில்லை.

கட்டி இல்லை என்பது ஒரு செய்தி. ஒன்றுமில்லை என்பது வேறு செய்தி. நடுவில் இருக்கும் தூரம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

*

1874-ல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் பேஜட் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். முலைக்காம்பிலும் அதைச் சுற்றியும் எக்ஸிமா கண்ட சுமார் 15 பெண்களைப் பற்றியது. எந்த மருந்துக்கும் அந்தப் புண் ஆறவில்லை. இரண்டு ஆண்டுக்குள், பெரும்பாலும் ஓராண்டுக்குள்ளேயே, அந்த மார்புக்குள் புற்று வந்தது. இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். எக்ஸிமா வழக்கமாக இரண்டு பக்கமும் வரும், காம்பைச் சுற்றிய வட்டத்தில் தொடங்கும். பேஜட் நோய் ஒரு பக்கம், காம்பிலேயே தொடங்கும்.

அந்தக் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அவர் வைத்த நாள் கணக்கு. புண் எப்படி இருக்கிறது என்பதோடு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதையும் எழுதினார். களிம்புக்குக் கெடு வைக்கும் பழக்கத்தை நான் அங்கே பார்க்கிறேன். ஒரு பக்கக் காம்பில் புண் வந்து, சில வாரக் களிம்புக்கும் ஆறாவிட்டால், ஒரு துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கும் அவ்வளவுதான் விதி.

*

மார்பக மருத்துவமனையில் காத்திருக்கும் பெண்கள் பெயர் கேட்பதில்லை. "உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். ஸ்கேன் கவரை மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்திருந்த அம்மாள் ஒருவர் தங்கையிடம், "அடையாறு எழுதிட்டாங்களா?" என்றார். இங்கே அந்த ஊர்ப் பெயருக்கு வேறு அர்த்தம் வேண்டியதில்லை.

அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் பல ஆண்டு அலைந்ததன் பின்னால் அவர் தங்கை சுந்தரி இருக்கிறார். மலக்குடலில் புற்று, முதலில் சீதபேதி என்று வைத்தியம் பார்த்தார்கள். 1923-ல் இறந்துபோனார். அக்கா அப்போதே டாக்டர். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் சீதபேதி என்ற பெயர் அத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்ததை நினைக்கிறேன். முத்துலட்சுமியை நினைக்கும்போதெல்லாம் தேவதாசி ஒழிப்பைச் சொல்கிறோம், இதை அடிக்குறிப்பாக்கிவிடுகிறோம்.

*

"லேடி டாக்டர்தானேக்கா?" ஆட்டோவில் தங்கை இரண்டு முறை கேட்டாள். கணவரிடம் கூட இன்னும் சரியாகக் காட்டவில்லை.

பெண்களைப் பெண்களே சோதித்துப் பார்த்த கதை ஒன்று உண்டு. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, எளிய குடியிருப்புகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்களின் மார்பைக் கண்ணாலும் கையாலும் சோதிக்க வைத்தார்கள். சோதிக்காத மற்றொரு பிரிவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். முடிவு 2021-ல் வந்தது: ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களில் மார்பகப் புற்றுச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. தங்கைக்கு 36.

*

டாக்டரம்மா முதலில் கண்ணால் பார்த்தார், அப்புறம் கையால், அப்புறம் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று. பிறகு ஸ்கேன். பிறகு, "பார்த்துச் சொல்ற விஷயம் இல்லைம்மா இது. சதை எடுக்கணும்" என்றார். முகத்தில் சலனமே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மரத்துப்போக ஊசி. உள்ளேயிருந்து எடுக்கும் ஊசி 'டக்' என்றது. தோலில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு துண்டு. ஒரு குப்பி ஃபார்மலினுக்கு, இன்னொன்று உப்பு நீருக்கு. ஏன் இரண்டு என்று கேட்டேன். ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. நம் ஊரில் மார்பிலும் டிபி வரும் என்றார் நர்ஸ்.

*

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்கள் முந்தைய நாட்களைவிட லேசாக இருக்கின்றன. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் இந்தத் தெரியாமைக்கு ஒரு தேதி இருக்கிறது. தங்கை தூங்குகிறாள். நானும் தியானத்தில் மூச்சுவரை போய்விட்டேன்.

*

புற்றணுக்கள் இல்லை. கிரானுலோமட்டஸ் மாஸ்டைடிஸ். பிள்ளை பெற்ற சில வருடங்களுக்குள் வரக்கூடிய, காரணம் திட்டமாகத் தெரியாத அழற்சி; பார்வைக்கும் ஸ்கேனுக்கும் புற்றாகவே தெரியும்.

"அப்ப சரியாயிடும்தானே மேடம்?"

"ஆகும். மாசக்கணக்காகும். திரும்பியும் வரலாம். டிபி இல்லைன்னு உறுதியாகாம ஸ்டெராய்டு கொடுக்க முடியாது. டிபி இருந்து ஸ்டெராய்டு கொடுத்தா அது பரவிடும்."

அன்றே பார்க்கக்கூடிய டிபி சோதனையில் ஒன்றும் வரவில்லை. கல்ச்சருக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகுமாம். அதற்குள் சீழ் கோத்தால் ஊசியில் இழுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும், ஒன்றும் வராவிட்டாலும் மாதம் ஒருமுறை ஸ்கேன். அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். தோல் பிளந்த இடத்தில் எதையும் பூசக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவிடம் அதை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.