செந்நிறத் திங்களும் பராங்குச நாயகியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

2025 செப்டம்பர் 7, ஆவணிப் பௌர்ணமி. திருக்கோவலூர் திவ்யதேசத்துக்கு அணித்தான திருவண்ணாமலையில், பௌர்ணமிதோறும் அடியார் திரள் 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வரும். அன்றிரவு 11 மணி முதல் 12.22 வரை, 82 நிமிடங்கள், அவ்வூர் வானில் நின்ற முழுநிலவு செம்பு நிறம் பூண்டிருந்தது. வெண்மதியையே கண்டு பழகியவர்க்கு இரண்டு கேள்விகள் எழும். இது என்ன நிறம்? இதனால் யாருக்கு என்ன தீங்கு? பெரும்பாலும் இரண்டாவது கேள்வி முதலாவதை விழுங்கிவிடுகிறது.

முதற்கேள்விக்கு விடை எளிது. கதிரவனுக்கும் நிலவுக்கும் நடுவே பூமி நிற்கிறது. நேரே செல்லும் ஒளி தடைப்பட்டாலும், பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலத்தின் ஊடே சிறிது ஒளி வளைந்து சென்று நிலவை அடைகிறது. வழியில் நீலம் சிதறிப்போகச் சிவப்பே எஞ்சுகிறது. அந்நேரத்தில் உலகில் எங்கெங்கு விடியலும் அந்தியும் நிகழ்கின்றனவோ, அவற்றின் செம்மையே நிலவின்மேல் படிகிறது. நிலவை மறைப்பது பூமியின் நிழலே என்று ஆர்யபடர் தம் ஆர்யபடீயத்திலேயே கூறியுள்ளார். இது நம் நாட்டுக்குப் புதிய செய்தியன்று.

இரண்டாவது கேள்வியோ ஒருவரை வாழ்நாள் முழுதும் வருத்தவல்லது. அடியேன் அறிந்த ஓர் அம்மையார், கருவுற்றிருந்தபோது கிரகணத்தைப் பார்த்துவிட்டார். பிறந்த குழந்தையின் மேலுதடு பிளவுபட்டிருந்தது. "நீ பார்த்ததால் வந்தது" என்று உற்றார் சொன்னதை முப்பது ஆண்டுகளாகச் சுமந்து வருகிறார். மருத்துவர் தைத்த உதடு ஆறிவிட்டது. தாயின் மனம் ஆறவில்லை.

திருவாய்மொழி நாலாம் பத்தின் நாலாம் திருவாய்மொழியில், ஆழ்வார் பராங்குச நாயகியாய்ப் பிரிவாற்றாமல் தளர்ந்து நிற்கிறார். பேசுபவள் திருத்தாயார். மகள் மண்ணைத் துழாவுகிறாள், வானத்தைத் தொழுகிறாள், செந்தீயைத் தழுவுகிறாள், நிறைந்த திங்களைக் காட்டி எம்பெருமானையே அழைக்கிறாள். அவனை ஒத்தவற்றையும் அவனோடு தொடர்புடையவற்றையும் அவனாகவே கொள்கிறாள் என்பது பூர்வாசார்யர்கள் காட்டும் பொருள்.

இங்கே ஓர் ஐயம். நாயகியும் ஒன்றை வேறொன்றாகவே கொண்டாள். செந்நிலவைத் தீங்கின் தூதாகக் கொள்பவரும் அப்படியே. இரண்டும் மயக்கமேயானால், ஒன்றைக் கொண்டாடி மற்றொன்றை விலக்குவது எங்ஙனே?

அன்பின் மயக்கத்துக்கு அடியில் ஓர் உண்மை உண்டு. சேதநாசேதநங்கள் யாவும் அவனுக்குச் சரீரம் என்பது உடையவர் நிலைநாட்டிய ஸித்தாந்தம். சரீரத்தைச் சுட்டியவள் சரீரியை முற்றும் தப்பவிடவில்லை. அச்சத்தின் மயக்கமோ, அவன் ஆணைக்கு அடங்காத கொடுமை ஒன்று வானில் உலவுவதாக எண்ணுகிறது. மேலும், நாயகி தழுவிய தீ அவளையும் சுடவில்லை. அவள் நீட்டிய விரல் பிறரையும் சுடவில்லை. அச்சம் நீட்டும் விரலோ வானத்தில் தொடங்கி ஒரு தாயின்மேல் வந்து நிற்கிறது.

அப்படியாயின் கிரகண காலத்து ஸ்நானமும் ஜபமும் தர்ப்பணமும் வேண்டாவோ என்னில், வேண்டும். சாஸ்த்ரம் விதித்தவற்றை அவன் ஆணையென்று கைங்கர்யமாகச் செய்கிறோம். அவற்றையே பயத்துக்குப் பரிகாரமாகச் செய்தால், சரணம் புகுந்தவன் தன் ரக்ஷகனை ஐயுற்றதாக முடியும்.

மீண்டும் நிலவு சிவக்கும்போது, வீட்டுச் சிறுவர்க்கு அதன் காரணத்தைச் சொல்வோம். அத்திங்களைக் காட்டியே அவன் திருநாமத்தையும் சொல்வோம். முன்னது அவர்கள் யார்மேலும் பழி சுமத்தாதிருக்க. பின்னது எதைக் கண்டாலும் அவனை நினைக்க. முப்பது ஆண்டுகள் கலங்கிய அந்த அம்மையாரிடம், "நீங்கள் பார்த்தது பூமியின் நிழலைத்தான், உங்கள்மேல் குற்றமில்லை" என்று எவரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதும் பாகவத கைங்கர்யமே.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்