அசல் எது? நகல் எது?

தாலுகா ஆபீசுக்குப் போனால் ‘அசல் எங்கே?’ என்கிறார்கள். சபையில் பாட நின்றால் ‘அசல் ராகத்துல பாடுங்க’ என்கிறார்கள். ஆதிக்கச் சாதிக்காரரோ ‘நீங்கெல்லாம் அசல் கிறிஸ்தவங்களா? சோத்துக்கு மாறுனவங்கதானே’ என்று சிரிக்கிறார். எங்களைப் பார்த்தால் மட்டும் எல்லோருக்கும் அசலைப் பற்றிய கவலை வந்துவிடுகிறது. கிறிஸ்மஸ் சமயத்தில் நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து பாடிப் பதிவு செய்துகொள்ளும் பாட்டுகளைப் பற்றி இங்கே பேச வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் அதைத் தொட்டால் சபையும் அரசும் கோர்ட்டும் கூடவே எழுந்து வருகின்றன.

முதலில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ராகம் கோயிலில் கேட்ட ராகம். வார்த்தை எங்கள் வார்த்தை. முன்பு டேப் ரெக்கார்டர் இருந்தது. பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டின் முதுகிலுள்ள ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, அதன் மேலேயே பதிவு செய்வோம். இப்போது செல்போன். அண்ணன் தப்பட்டையை நெருப்பில் காய்ச்சி எடுத்து வருவார். கொங்குப் பகுதி அருந்ததியரில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் பெரியம்மாவும் பாதித் தமிழிலும் பாதி வீட்டுத் தெலுங்கிலும் பாடுவார். நடுவில் சேவல் கூவும், குக்கர் கத்தும். எதையும் வெட்டி ஒட்டுவதில்லை. இளசுகள் இதற்குக் ‘கவர் வெர்ஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் ‘மாட்டுத் தொழுவம்’ அம்மாவின் வாயில் ‘கட்டுத்தரை’ ஆகிவிடும். ஏம்மா மாத்தறே என்று கேட்டால் அவர் சொல்வது: “கட்டுத்தரையில சாணி வழிச்சவளுக்குத்தான் கண்ணு தெரியும், அங்க புள்ள பெத்தா எப்படி இருக்கும்னு. புஸ்தகம் எழுதுனவனுக்கு என்ன தெரியும்?” இதைவிட நல்ல வேத வியாக்கியானத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் சாணி அள்ளியவர்கள், கட்டுத்தரையில் பிறந்த ஒரு பிள்ளையைத் தங்கள் பேச்சில் பாடுகிறார்கள். இது நகலா?

நகல்தான், அதுவும் கெட்ட நகல் என்கிறார் ஒரு சபைப் பெரியவர். “தப்பட்டை சாவுக்கு அடிக்கறதுங்க. ஆண்டவர் பொறப்புக்கு அடிக்கலாமுங்களா?” சரி, அவருடைய அசலைக் கொஞ்சம் பார்ப்போம். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்த பிறகு, ஜெர்மன் ஞானப்பாட்டுகள் ஜெர்மன் ராகத்திலேயே தமிழாயின. ராகம் அங்கிருந்து, வார்த்தை இங்கிருந்து. அப்புறம் கர்நாடக இசையின் அச்சில் கீர்த்தனைகள் வந்தன. அதில் பேராசான் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவர் புலமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1820களின் கடைசியில், தஞ்சைச் சபையில் சாதி பார்க்காமல் எல்லோரும் கலந்து உட்கார வேண்டும் என்று மிஷனரிகள் வற்புறுத்தியபோது, அதை எதிர்த்து எழுதியவரும் அவரே. ஆக, ஜெர்மன் ராகத்தை எடுத்தாளலாம், தஞ்சாவூர் ராகத்தை எடுத்தாளலாம், எங்கள் தப்பட்டை மட்டும் கூடாது. பிரச்சினை நகல் அல்ல. யார் கை பட்டது என்பதுதான் பிரச்சினை.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பாடும் ‘சைலன்ட் நைட்’ பாட்டின் கதை என்ன? 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில் ஒரு கித்தாரை வைத்துக்கொண்டு அதை முதலில் பாடினார்கள். எழுதியவர் ஜோசப் மோர் என்ற பாதிரியார். மெட்டுப் போட்டவர் ஃபிரான்ஸ் குரூபர் என்ற பள்ளிக்கூட வாத்தியார். மோர், கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணுக்குப் பிறந்தவர். அந்த அம்மா துணி தைத்தும் பின்னியும் பிழைத்தவர். குழந்தைக்கு ஞானத் தகப்பனாகப் பெயர் கொடுத்தவர் சால்ஸ்பர்க்கில் மரண தண்டனையை நிறைவேற்றும் வேலை பார்த்தவர். ஊர் தீண்டாமல் ஒதுக்கி வைத்த தொழில் அது. அந்தப் பாட்டை வெளியூருக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானது, சில்லர்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஸ்ட்ராசர் குடும்பம். கையுறை விற்கப் போன சந்தைகளில் அண்ணன் தங்கைகளாக நின்று பாடியவர்கள். வாய் மாறி வாய் மாறி மெட்டும் கொஞ்சம் மாறிவிட்டது. யார் போட்ட மெட்டு என்பதே மறந்துபோய், பெரிய பெரிய இசை மேதைகளின் பெயரைச் சொன்னார்கள். 1854இல் குரூபரே தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒதுக்கப்பட்டவர் எழுதி, ஒரு குடும்பம் சந்தையில் பாடி, பாடுகிறவர்கள் மாற்றிய பாட்டுதான் இன்று ‘அசல்’ என்று நம் முன்னால் வைக்கப்படுகிறது.

இதை நம் மண்ணில் கொள்கையாகவே எடுத்துச் சொன்னவர், பரட்டை அண்ணன் என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். நாட்டுப்புற மெட்டிலும் கிராமத்துப் பேச்சிலும் வழிபாட்டையே கட்டியவர். பரமண்டல ஜெபத்தில் ‘பிதாவே’ என்று இருந்த இடத்தில் ‘பெத்தவரே’ என்று போட்டார். ஒரே சொல்லில் அப்பனோடு ஆத்தாளும் உள்ளே வந்துவிட்டாள். மக்கள் தங்கள் தேவைக்கு மாற்றிப் பாடிக்கொள்ள முடிவதுதான் நாட்டுப்புறப் பாட்டின் பலம் என்பது அவர் கட்சி. அம்மாவின் கட்டுத்தரை அந்தக் கட்சியைச் சேர்ந்தது.

சபையோடு இப்படி வாதாடி ஜெயித்துவிடலாம். அரசோடு? பாடி முடித்ததும் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: “இதை குரூப்புல போட்டுறாதீங்க. பாப்பா சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டிருக்கு.” எங்கள் வளவில் பல வீடுகளில் இதே பேச்சுதான். காரணம் தெரிந்ததே. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். போராடி வாங்கிய அருந்ததியர் உள் ஒதுக்கீடு, 2009 சட்டத்தின் 3 சதவீதம், கிறிஸ்தவர் என்று எழுதிக்கொண்ட அருந்ததியருக்கு இல்லை.

2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு பெண் மருத்துவரின் கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதை அதிகாரிகள் பார்த்திருக்கிறார்கள். சாதிச் சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள். அந்த ரத்தை நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்கும் போய்வந்த ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சுவரில் தொங்கும் சிலுவையே சாட்சியாகும்போது, குடும்பமே உட்கார்ந்து பாடுகிற வீடியோ என்ன ஆகும்?

இங்கேதான் நம்மை அறுக்கிற கேள்வி வருகிறது. பாடிவிட்டு அதை ஒளித்து வைப்பது பொய்யா? தோழர்கள் சிலரே கேட்கிறார்கள்: “நம்பறதைச் சொல்லு, இல்லைன்னா சலுகையை விடு. ரெண்டும் வேணும்னா என்ன நேர்மை?” இது லேசாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. உண்மை பேசுகிறவன் அதற்கான விலையைக் கொடுத்தாக வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விலையை யார் யாரிடம் வசூலிக்கிறார்கள்?

சாதி எங்களை மதம் கேட்டு அடிப்பதில்லை. டீக்கடைத் தனி டம்ளர் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டதில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்தது ஒரு சுவர். அடி விழும்போது நாங்கள் சாதி. நிவாரணம் கேட்கும்போது மட்டும் மதம். ஒரே உடம்புக்கு இரண்டு தராசு வைத்துக்கொண்டு, உன் பேச்சு ஏன் ஒன்றாக இல்லை என்று கேட்பது என்ன நியாயம்? நேர்மை என்பது இரண்டு பக்கமும் இருக்க வேண்டியது. பொய் சொன்னால்தான் உன் பிள்ளை படிக்க முடியும் என்று ஆணை போட்டவர் அந்தப் பொய்க்கு முதல் பொறுப்பாளி. அம்மா கடைசியாகத்தான் வருவார்.

இதனால் நஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பாடுகிற பிள்ளை, தன் குரலே ஒரு குற்றம் என்று கற்றுக்கொள்கிறது. பெரியம்மாவின் தெலுங்கும் அம்மாவின் கட்டுத்தரையும் ஒரு போனுக்குள்ளேயே கிடந்து, போன் கெட்டுப்போனால் அழிந்தும் போகும். மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லும் போராட்டத்தை வெறும் வேலைக்கான போராட்டமாகப் பார்க்கிறார்கள். வாய்விட்டுப் பாடுவதற்கான போராட்டமும் அதுதான்.

அதுவரை பாடுங்கள், பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி எழுதி ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். நாட்டார் வழக்காறு சேகரிக்க வரும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் வீட்டுப் பாட்டை வாங்கிப் போங்கள், ஆனால் கேட்காமல் வெளியே விடாதீர்கள். எப்போது தெருவுக்கு வருவது என்பதைப் பாடியவர்கள் முடிவு செய்யட்டும்.